பதினான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்

அத்தியாயம் 12

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த இணையதளம் மூடிவிடும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஜீனா இதைச் சிவப்பு மையில் எழுதித் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்து ஆறு வாரமாகிறது.

ராணுவ ஆய்வு அமைப்பு ஒன்று கல்லூரி ஆசிரியர்களிடம் ஆய்வு முன்மொழிவுகள் கேட்டிருந்தது. பாய்ந்து வரும் ஏவுகணையை, மேகமும் புகையும் மறைத்தாலும், அதன் வெப்பத்தை வைத்துத் தொலைவிலேயே கண்டுகொள்ளும் கருவி வேண்டும். புதிய வழி தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம். பாறசாலைக்குப் பக்கத்துக் கல்லூரியில் பத்து வருடமாக மின்னணுவியல் நடத்தும் ஜீனாவிடம் ஒரு வழி இருந்தது.

அது அவளுக்கு அப்பாவின் புகைப்புரைக்குள் கிடைத்தது. அம்பூரியில் இரண்டு ஏக்கர் ரப்பர்த் தோட்டம். அதன் நடுவில், ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தும் சின்னக் கட்டடம். அந்தப் புகைக்குள் ஒரு சூடான இரும்புத் துண்டை எங்கேயாவது ஒளித்து வைப்பாள். ஒரே சூட்டை இரண்டு விதமாகப் பார்த்து ஒப்பிடும் அவளுடைய கருவி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாதம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான அவள் அப்பா ராஜையா தீயைப் பார்த்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையை நோட்டில் குறித்தார். அந்த நோட்டில் இருந்த எண்களை நம்பித்தான் முன்மொழிவே நின்றது.

அதே வீட்டில் இன்னொரு காகிதமும் தயாராகியிருந்ததைப் போன வாரம் பார்த்தோம். வெள்ளிக்கிழமை, அதாவது நாளைக்கு, ராஜையா அந்த இரண்டு ஏக்கரையும் மகன் ஜெனிலின் பெயரில் இஷ்டதானமாக எழுதிக் கொடுக்கப் போகிறார். ஜெனில் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு மகளுக்கு, தோட்டம் மகனுக்கு. இதில் ஜீனாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காலை பதினொன்றரைக்கு ஆய்வுக்கூடத்தில் அனூஜ் பாரத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தான். நெய்யாற்றின்கரைக்காரன். இந்த ஆய்வில் அவளுக்கு இணை ஆய்வாளன்.

"இருபத்திரண்டு பக்கம் மிஸ். எனக்க அம்மைக்க பேரை இத்தனை தடவை நான் எங்கயும் எழுதினதில்ல."

"எழுதுங்க சார். அம்மைக்கு சந்தோஷமா இரிக்கும்."

ஒன்பதாம் பக்கத்தில் அவன் கை நின்றது. முதன்மை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் உறவுமுறை உண்டா என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது.

"இதில என்ன போடணும்?"

"இல்லை எண்ணு போடுங்க."

"இன்றைய தேதியில் இல்லை எண்ணு போட்டா?"

"அத்தனை எழுத்துக்கு அங்க இடம் இல்லை, சார்."

"இடம் இல்லாததுதான் காரணம்னா எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அனூஜ் 'இல்லை' என்று தட்டினான். ஜீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்தால் அங்கே திரும்புவது அவள் வழக்கம். அது அவனுக்குத் தெரியும்.

பதினான்காம் பக்கம் குடும்ப விவரம். தாய், தந்தை, உடன்பிறந்தவர். பிறந்த ஊர், வேலை, குடியுரிமை. வெளிநாட்டில் இருப்பவரென்றால், தெரிந்தால் பாஸ்போர்ட் எண்ணும் எழுதலாம்.

மணி பன்னிரண்டு. லெஸ்டரில் காலை ஏழரை. இரவு டியூட்டி முடிந்து ஜெனில் வெளியே வரும் நேரம். ஜீனா வராந்தாவுக்குப் போய் அழைத்தாள்.

"எட்டி, இந்நேரத்தில என்ன? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பா அம்பூரியில ஷீட்டுக்குப் புகை போட்டுக்கிட்டு இரிக்காவ. சுகந்தான். அண்ணா, உனக்க பாஸ்போர்ட் நம்பர் ஒண்ணு சொல்லு. அந்தப் பாரத்தில கேக்காவ."

மறுமுனையில் கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"பழைய நம்பர்தானே வேணும்?"

"பழையது எதுக்கு? இப்ப உள்ளது."

"அதைத் திருப்பிக் குடுத்தாச்சு."

"தொலைஞ்சு போச்சா?"

"தொலையல்ல. குடுத்தாச்சு. மார்ச்சில இஞ்ச சத்தியப்பிரமாணம் எடுத்தோம். நானும் ஜோஸ்னாவும் பிள்ளியளும். இப்ப உள்ளது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டாக்கும்."

ஜீனா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி வெயிலில் காய்ந்து கிடந்தது. கையை எடுத்தாள்.

"அப்பாக்கிட்ட?"

"சொல்லுவேன். நாளைக்குப் பத்திரம் பதிஞ்சு முடியட்டு."

"பதியவே கூடாதே, அண்ணா. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவனுக்குத் தோட்டத்தைத் தானமா எழுதிக் குடுக்க முடியாது. பெறுபவர் இந்தியக் குடிமகன் எண்ணு எழுதி அதுக்குக் கீழ அப்பாவாக்கும் கையெழுத்துப் போடப் போறாவ."

"அதை ஆரு பாக்கா?"

"நான் பாக்கேன்."

 ஜெனில் குரலைத் தணித்துக்கொண்டான். சின்ன வயதில் அவளிடம் சைக்கிளை இரவல் கேட்கும்போது வரும் குரல்.

"மோளே, நீயும் இந்தியன் எண்ணே எழுது. நான் பிறந்தது பாறசாலையிலதானே. அது பொய்யா?"

"பிறந்த ஊரு வேற கட்டம், அண்ணா. அது எழுதியாச்சு."

"நான் எடுத்தது பிள்ளியளுக்காக வேண்டியாக்கும். அப்பாக்கு அது மண்டையில ஏறாது. அம்மைக்கு ஏறிச்சு."

"அம்மைக்குத் தெரியுமா?"

"அம்மைதானே காணிக்கையே போட்டது."

"என்ன காணிக்கை?"

"பின்ன கூப்பிடுதேன். பின்னால வண்டி நிக்கு," என்று ஜெனில் வைத்துவிட்டான்.

திரும்பி வந்த ஜீனா எல்லாவற்றையும் அனூஜிடம் சொன்னாள். அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உண்மையை எழுதினா?" என்று கேட்டாள்.

"கூடுதல் விளக்கம் கேப்பாவ. சிலப்போ பாரத்தை ஓரமா வச்சிருவாவ. எனக்குத் தெரியாது, மிஸ்."

"எழுதாம விட்டா?"

"முதல் சுற்றில எடுத்துக்கிட்டாவன்னா போலீஸ் வீட்டுக்கு விசாரிக்க வரும். அப்பாக்கிட்ட கேப்பாவ. மகன் எந்த நாட்டுக்காரன் எண்ணு."

அப்பா என்ன சொல்வார் என்பதை அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தியன்தான் சார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். ஜெனிலின் முதல் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வந்தபோது அப்பாவே ஊர்த் தபால் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டர். மகனைக் கவுண்டருக்கு வெளியே நிற்கவைத்து, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் உறையைக் கொடுத்தார். எங்க வேணும்னாலும் போ, இதை மட்டும் மாத்தாதே என்று அவர் சொன்னது கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

"இருபத்திரண்டாம் பக்கத்தில் அப்பாக்க கையெழுத்து வேணும்," என்றாள். சோதனை நடக்கும் இடத்தின் உரிமையாளர் சம்மதம் தர வேண்டும். "பாரம் முழுக்க அச்செடுத்துத் தாருங்க சார். நான் அம்பூரிக்குப் போறேன்."

"அந்த ஒரு பக்கம் போதாதா?"

"போதுமா எண்ணு போற வழியில யோசிக்கேன்."

"பதினாலாம் பக்கத்தில அண்ணனுக்க கட்டம் காலியா கிடக்கு."

ஜீனா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மூடினாள். காலியாகவே இருபத்திரண்டு பக்கத்தையும் பைக்குள் வைத்து ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீடு வழியில்தான். அம்மா ஆனந்தபாய் மரச்சீனிக் கிழங்கு அவித்து வடித்துக்கொண்டிருந்தாள். மகள் இந்த நேரத்தில் வந்து நின்றதும் ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்து வைத்தாள்.

"மத்தி வாங்கினேன். நல்லதாக்கும். இரி."

"அம்மா, என்ன காணிக்கை போட்டிய?"

ஆனந்தபாய் மீன்கறிச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மறுபடி மூடினாள்.

"அவன் சொன்னானா?"

"பாதி சொன்னான்."

"கர்த்தர் ஒரு நன்மை செய்தா ஸ்தோத்திரக் காணிக்கை போடாம இரிக்க முடியுமா, மோளே? பிள்ளியளுக்கு அங்க படிப்பு, ஆஸ்பத்திரி, எல்லாம் ஒறப்பாச்சு. அதை வாங்கிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு இரிக்க எனக்குக் களியாது."

"நம்ம சபையிலயா போட்டிய?"

"நம்ம சபையில போட்டா உங்க அப்பா கேக்கமாட்டாவளா? அதாக்கும் ஆரியங்கோட்டுக்குப் போனேன். ஜோஸ்னாக்க அம்மை வீட்டுச் சபையில."

"அங்க காரணத்தை வாசிக்கமாட்டாவளா?"

"வாசிக்காம? காரணம் எழுதாத கவரை அங்க வாங்கவே மாட்டாவ. ஜெனில், ஜோஸ்னா குடும்பம், லெஸ்டர், குடியுரிமை கிடைத்ததற்கு நன்றியாக. மைக்கில நல்லா தெளிவா வாசிச்சாரு உபதேசியாரு. மாசப் பத்திரிகையிலயும் போட்டாவ."

ஜீனா தட்டில் இருந்த மரச்சீனியைப் பார்த்தாள். ஒரு ரகசியத்தை மறைக்க இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய், அதை ஒலிபெருக்கியில் வாசிக்க வைத்து, அச்சிலும் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள் அம்மா. அதில் ஒரு முரணும் அம்மாவுக்குத் தெரியவில்லை. கடவுளுக்குத் தெரிய வேண்டியது வேறு, போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிய வேண்டியது வேறு.

"ஆரியங்கோடு என்ன அமெரிக்காவிலயா இரிக்கு? இங்க இரிந்து எத்தனை தூரம்?"

"நாலு மாசமா ஆரும் சொல்லல்லியே," என்றாள் ஆனந்தபாய். பிறகு மகளின் பையைப் பார்த்தாள். "அது என்ன?"

ஜீனா சொன்னாள். ஆனந்தபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மக்களே, கையெழுத்துப் போட வேண்டிய அந்த ஒரு பேஜை மட்டும் குடு. முழுசும் குடுத்தா அவரு வாசிப்பாரு. சோப்பு கவருல எழுதினதைக்கூட வாசிக்கிற ஆளு. நாளைக்குப் பத்திரம் முடிஞ்சா நானே மெதுவா சொல்லிக்கிடுவேன்."

"நாளைக்கு அப்பா பொய்ல கையெழுத்துப் போட்ட பிறவா?"

"அவருக்குத் தெரியாதே. தெரியாம போட்டா பொய்யாவுமா?"

"நமக்குத் தெரியுமே, அம்மா."

 ஆனந்தபாய் ஒரு துண்டு மீனை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள். முள்ளை அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

வெள்ளறடை தாண்டியதும் ஏற்றம். கைப்பேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து கடைசியில் இல்லாமல் போனது. ஜீனா தோட்டத்துக்குள் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டே முக்கால். புகைப்புரைக் கூரையின் இடுக்குகளில் புகை ஒழுகிக்கொண்டிருந்தது. ராஜையா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நோட்டு. சோதனை முடிந்து இரண்டு வாரமாகிறது. அவர் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை.

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன்பா. ஒரு கையெழுத்து வேணும்."

பைக்குள் கைவிட்டாள். கடைசிப் பக்கம் தனியாகக் கையில் வந்தது. அதை மட்டும் கொடுத்தால் அவர் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவார். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவள் அந்தப் பக்கத்தை அடியில் வைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் பாரத்தை விரித்து, பேனாவைத் திறந்து, பதினான்காம் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் 'பிரிட்டிஷ்' என்று எழுதினாள். பிறகு இருபத்திரண்டு பக்கத்தையும் அடுக்கி அவரிடம் கொடுத்தாள்.

ராஜையா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஜீனா எதிரே ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் தன் நோட்டின் எண்கள் அச்சில் வந்திருப்பதைக் கண்டு, மடியிலிருந்த நோட்டைத் திறந்து இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

"ஒம்பதாம் பக்கத்தில இல்லை எண்ணு போட்டிரிக்கு. சரிதானே?"

"சரிதான்பா."

"ம்."

பதின்மூன்று. பதினான்கு.

விரல் ஒரு கட்டத்தில் நின்றது. வியர்வையில் மை கரைந்தது. விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியது. அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

அவர் மணிக்கட்டில் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது. ராஜையா பாரத்தை நாற்காலியில் வைத்து, பறக்காமலிருக்க மேலே நோட்டையும் வைத்து, புகைப்புரைக் கதவைத் திறந்தார். தொங்கும் வெப்பமானியைப் பார்த்தார். ஒரு விறகை உள்ளே தள்ளினார். கதவைச் சாத்தினார். நோட்டில் எழுதினார். மூன்று முப்பது, ஐம்பத்திரண்டு டிகிரி.

பிறகு உட்கார்ந்து பதினைந்தாம் பக்கத்தை வாசித்தார். பதினாறு. கடைசிவரை வாசித்தார். இருபத்திரண்டில் உரிமையாளர் என்ற இடத்தில், தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் போட்ட அதே கையெழுத்தைப் போட்டார். தேதி எழுதினார்.

"எப்ப எடுத்தான்?"

"மார்ச்சில."

"உங்க அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதாக்கும் அவ ஏப்ரல்ல ஒத்தைக்கு ஆரியங்கோட்டுக்கு பஸ் ஏறினது. காணிக்கை போட்டாளா?"

"போட்டாவ. மைக்கில வாசிச்சாச்சு."

"அப்பொ கர்த்தருக்குத் தெரியும். ஆரியங்கோட்டுக்காரனுக்கும் தெரியும்," என்றார் ராஜையா. குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜீனாவுக்குப் பயமாக இருந்தது. "நேரம் என்ன ஆச்சு? ஐஞ்சு மணி எண்ணுதானே சொன்னே. போய் அனுப்பு."

தோட்டத்தின் மேல்மூலையில், பாறைப் பக்கம் மட்டும் சிக்னல் கிடைக்கும். ஜீனா ஏறிப் போய், கையெழுத்துப் பக்கத்தையும் பதினான்காம் பக்கத்தையும் படமெடுத்து அனூஜுக்கு அனுப்பினாள். இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாவது முறை போனது. அவன் 'கிட்டி' என்று ஒரு வார்த்தை அனுப்பினான். நான்கு இருபத்தாறுக்கு ஒப்புகை எண் வந்தது. அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "பதினாலாம் பக்கமும் சேர்ந்து போச்சு. இனி வர்றது வரட்டும், மிஸ். ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

அவள் அதை இரண்டாவது தடவை வாசிப்பதற்குள், வழியில் எங்கோ தேங்கிக் கிடந்த வேறொரு செய்தி வந்து விழுந்தது. ஜெனிலுடையது. ஒரு மணிக்கு அனுப்பியிருக்கிறான்.

"அம்மை கூப்பிட்டா. முழுப் பாரத்தையும் கொண்டுகிட்டுப் போறியாம். புகைப்புரை உனக்கு வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. சத்தியத்தை எதுக்கு இதில இழுக்குத?"

ஜீனா கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தோட்டம் வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று அதைச் சொன்னால் யார் நம்புவார் என்று இப்போதுதான் நினைத்தாள்.

ராஜையா நாளைய பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தது. அதைப் பிரித்து, ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடிட்டுக்கொண்டிருந்தார்.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு."

"நாளைக்குப் பத்தரைக்கு நீயும் ரெஜிஸ்டிராபீஸுக்கு வா. ஆதார் கார்டை எடுத்துக்க."

"எனக்கு வேண்டாம்பா. தோட்டத்தை எனக்க பேரில எழுதாதிய. அண்ணன் என்ன நினைப்பான்?"

ராஜையா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தாறேன் எண்ணு ஆரு சொன்னா? எனக்குச் சாட்சிக்கு ஒரு ஆளு வேணும். பத்திர எழுத்துக்காரன் ஞானையனுக்குப் போன் பண்ணி புதுசா ஒரு பத்திரம் எழுதச் சொல்லப்போறேன். இண்ணைக்கு சாயங்காலமே."

"அப்பொ ஆருக்கு எழுதுதிய?"

அவர் நகலை மறுபடி நான்காக மடித்தார். மை ஒட்டிய விரல் அதன் மேல் ஒரு சின்ன நீலக் கறையை விட்டது. எழுந்து புகைப்புரைப் பக்கம் நடந்தார்.

"நாளைக்கு அங்க வந்து வாசிச்சுப் பாரு. வாசிக்காத கடுதாசில நீயும் கையெழுத்துப் போடாண்டாம்," என்று சொல்லிவிட்டு, நான்கரை மணிக் கணக்கை எடுக்கக் கதவைத் திறந்து புகைக்குள் போனார்.